ஐதிகமும் நிகழ்ச்சிச் சான்றும்
(சைவாசிரியர்களுக்கு ஓர் அளவைப் பாடம்)

பொன்னின் நிறையை அறிதற்குத் தராசும், நெல்லின் தொகையை அறிதற்குக் கொத்தும், நிலத்தின் பரப்பை அறிதற்குச் சங்கிலியும் வேண்டப்படுதல்போல, சொல்லின் மெய்ம்மையை அறிதற்கும் ஒரு கருவி வேண்டப்படும். அக்கருவி அளவை எனப்படும். வடநூலார் அதனைப் பிரமாணம் என்பர். 13ஆம் நூற்றாண்டிலே சிவஞான சித்தியாரை அருளிச்செய்த அருணந்தி சிவாசாரியர், பதி பசு பாசம் என்னும் முப்பொருளின் இயல்பை விரிக்கப் புகுமுன், அளவையின் இலக்கணத்தை முதற்கண் வைத்தார். இதனால், சைவசித்தாந்தம் ஆராய்ச்சிக்கு அஞ்சுஞ் சமயமன்று என்பதும், கேட்டவற்றையெல்லாம் கேட்டவாறே கொள்ளுதல் சைவர்க்கு முறையன்று என்பதும் இனிது விளங்கும்.

ஆயினும், வீட்டுத் திண்ணையிலும் சந்தையிலும், குறிகட்டுவான் துறையிலே படகுக்குக் காத்திருக்கும் வேளையிலும் நாடோறும் வழங்கும் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்போமாயின், அளவை நூலின் வாசனையும் அங்கே காணப்படுவதில்லை. "எங்கள் பெரியப்பாவைப் பாம்பு தீண்டியது, பார்வை பார்த்தார்கள், பிழைத்துக்கொண்டார், ஆதலால் வைத்தியசாலை வேண்டியதில்லை" என்பார் ஒருவர். "நெடுந்தீவிலே ஒரு கல் வளர்கின்றது, எங்கள் பாட்டனார் சொல்லியிருக்கின்றார்" என்பார் மற்றொருவர். "அயல்வீட்டு அண்ணர் புத்தகத்தை விரியாமலே சோதனையிற் சித்தியெய்தினார்" என்று மாணாக்கன் ஒருவன் தன் சோம்பலுக்கு அரண் தேடுவான். இம்மூவருஞ் செய்வது ஒன்றே. ஒருவர்க்கு ஒருகால் நேர்ந்ததாகிய நிகழ்ச்சியைக் கதையாகச் சொல்லி, அதனையே பொதுவாயதோர் உண்மைக்குச் சான்றாக நிறுத்துகின்றனர். இதனை நாம் நிகழ்ச்சிச் சான்று என்று வழங்குவோம். இதன் பொருள் யாது, இது பயன்படும் இடம் எது, பயன்படாத இடம் எது என்பவற்றைத் தீவக எடுத்துக்காட்டுக்களைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐதிகத்தின் இலக்கணம்

அளவைகள் இத்துணைய என்பதில் ஆசிரியர் எல்லாரும் ஒருபடித்தாகக் கூறினாரல்லர். சித்தியார், காட்சி, கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என ஆறும், அவற்றின்மேல் ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என நான்கும் கூறப்படுதலை எடுத்துக்காட்டி, அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று முடிவு செய்கின்றது. மணிமேகலையும், சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையிலே அளவை பத்தினையும் தொகுத்து விளக்குகின்றது. அந்நூலுக்கும் நம் தீவகத்துக்கும் உள்ள தொடர்பு பின்னர்க் கூறப்படும்.

அப்பத்தனுள் ஐதிகம் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது. 'இதி ஹ' என்னும் வடசொற்றொடர் 'இவ்வாறு சொல்லுவர்' எனப் பொருள்படும். அதனடியாகப் பிறந்தது ஐதிகம் என்னுஞ் சொல். 'இந்த மரத்திலே பேய் உண்டு' என்று ஊரார் தொன்றுதொட்டுச் சொல்லிவருதலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுதல் நூல்வழக்கு. பேயைக் கண்டவர் யார் என்று வினாவினால், "எல்லாருஞ் சொல்லுகின்றார்கள்" என்பதே விடையாம். எனவே, முதற்கட் சொன்னவர் இன்னார் என்று தெரியாமல் வழிவழி வருஞ் செய்தி ஐதிகம் என்று அறிக.

நிகழ்ச்சிச் சான்றும் ஐதிகமும் முற்றும் ஒன்றல்ல. நிகழ்ச்சிச் சான்றுக்கு உடையவர் ஒருவர் உண்டு. அவருக்குப் பெயர் உண்டு. இடமும் நாளும் உண்டு. அச்செய்தி ஒருவர் வாயினின்று மற்றொருவர் செவிக்குச் செல்லுந்தோறும் அவை ஒவ்வொன்றாக உதிர்ந்துபோம். 'எங்கள் பெரியப்பா' என்பது 'எங்கள் ஊரில் ஒருவர்' என்றாகும். 'ஒருவர்' என்பது 'பலர்' என்றாகும். 'ஒருமுறை' என்பது 'எப்பொழுதும்' என்றாகும். பின்னர் அது பெயரும் இடமும் நாளுமின்றி ஐதிகமாய் நிலைபெறும். ஆதலால், நிகழ்ச்சிச் சான்று வித்தும் ஐதிகம் அதன் மரமும் போல்வன. மரத்தை ஆராயப் புகுவோன் வித்தைத் தேடுதல் வேண்டும்.

அது மூன்றனுள் எங்ஙனம் அடங்கும்?

ஐதிகம் உரையளவையுள் அடங்கும் என்பது அளவை நூலாரிற் பலர் துணிபு. அங்ஙனமாயின், உரை அளவையாதற்கு வேண்டிய இலக்கணம் ஐதிகத்துக்கும் வேண்டும். எல்லாருடைய சொல்லும் உரையளவை ஆகாது. ஆப்தனுடைய சொல்லே அளவையாம். ஆப்தனாவான் பொருளை உள்ளவாறு அறிந்தவனும், அறிந்தவாறே சொல்லுபவனும், விருப்பு வெறுப்புக்களால் அதனைத் திரித்துக் கூறாதவனும் ஆவான். இவ்விலக்கணத்தைக் கைக்கொண்டு ஆசிரியர்கள் மூன்று வினாக்களைப் பிள்ளைகளுக்குப் பழக்குதல் நன்று. முதலாவது: சொல்பவர் தாமே கண்டாரா, கண்டவர் சொல்லக் கேட்டாரா? இரண்டாவது: கண்டதைக் கண்டவாறே சொன்னாரா, தாம் கருதியதனையுங் கூட்டிச் சொன்னாரா? மூன்றாவது: அதனை அவ்வாறு சொல்லுதலால் அவருக்கு வரும் ஊதியமேனும் பெருமையேனும் உண்டா?

இவற்றுள் இரண்டாம் வினா மிக நுண்ணிது. "பாம்பு தீண்டியது, பார்வை பார்த்தார்கள், பிழைத்தார்" என்பன மூன்றும் கண்டவை, காட்சியின்பாற் படும். "பார்வையினாற் பிழைத்தார்" என்பது கருதியது; அநுமானத்தின்பாற் படும். சொல்பவர் இவ்விரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லிவிடுவர். கேட்பவரும் இரண்டையும் காட்சியென்றே கொள்வர். மயக்கம் இங்கேதான் பிறக்கின்றது. சொன்னவர் பொய்யரல்லர் என்பது அவர் கண்டதற்கு மாத்திரம் உறுதியாகும். அவர் கருதியதற்கு உறுதியாகாது. நல்லவர் என்பதனாலே ஒருவர் கருத்துப் பிழையாதிருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

ஒரு நிகழ்ச்சி எதனை நாட்டும்?

இனி, ஒருவர் வாய்மொழி ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளிவிடுவாரும் உளர். அதுவும் பிழையே. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே, குழந்தைகளும் பெண்களும் உள்ளிட்ட பயணிகள் பலர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். அங்கே நிகழ்ந்தது இன்னது என்பதை உலகம் அறிந்தது, உயிர்தப்பினோர் தங் கண்ணாற் கண்டதைச் சொன்னமையாலன்றோ? அவர்கள் சொல்லை 'வெறுங் கதை' என்று ஒதுக்குவோமாயின், உண்மையையும் ஒதுக்கினோமாவோம்; இறந்தோர்க்கும் அநீதி செய்தோமாவோம்.

அங்ஙனமாயின், பெரியப்பாவின் கதைக்கும் படகிற் பிழைத்தோர் சொல்லுக்கும் வேற்றுமை யாது? படகிற் பிழைத்தோர், 'இந்நாளில் இவ்விடத்தில் இது நிகழ்ந்தது' என்று சொல்லினர். ஒரு நிகழ்ச்சி நிகழ்ந்தது என்பதற்கு அதனைக் கண்டவர் சொல்லே ஏற்ற சான்று. கண்டவர் பலராய், அவர் சொல் தம்முள் ஒத்திருப்பின் அது மேலும் வலியுறும். பெரியப்பாவின் கதையைச் சொல்பவரோ, ஒருகால் நிகழ்ந்ததைக் கொண்டு, 'எக்காலத்தும் இவ்வாறே நிகழும். இதற்குக் காரணம் இதுவே' என்று சாதிக்கப் புகுந்தார். நிகழ்ச்சி ஒன்று 'உண்டு' என்பதனை நாட்டும். 'எப்பொழுதும்' என்பதனை நாட்டாது. 'இதனால்' என்பதனையும் தனித்து நின்று நாட்டாது. இச்சிறு சூத்திரத்தை மாணாக்கர் மனத்திற் பதித்துவிட்டால், இப்பாடத்தின் பாதி முடிந்ததாகும்.

ஒரு பானைச் சோறு

இங்கே கூரிய மாணாக்கன் ஒருவன் தடை நிகழ்த்துவான். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரியோர் சொல்லியிருக்க, ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு பலவற்றை அறிதல் ஆகாதென்பது எங்ஙனம்?" என்பான். இத்தடை நல்ல தடை. ஆசிரியர் இதனை வரவேற்றல் வேண்டும்.

பானையிலுள்ள அரிசி ஒரே சாதியினது; ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே காலம் வெந்தது; அகப்பையாற் கிண்டியும் விடப்பட்டது. ஆதலால் ஒரு சோறு எத்தன்மையதோ மற்றைச் சோறுகளும் அத்தன்மையனவே. ஒன்றைக்கொண்டு பலவற்றை அறிதற்கு அவை ஒருதன்மையவாயிருத்தல் வேண்டும் என்பதே அப்பழமொழியின் உட்பொருள். கிண்டாத பானையிலே மேற்சோறு வேகாதிருக்க, அடிச்சோறு குழைந்துபோதலை அடுக்களையறிந்தார் யாவரும் அறிவர்.

தீவகத்துக் கிணறுகளை எண்ணுக. ஒரு வளவிலே நல்ல தண்ணீர். சிறிது தூரத்துக்கு அப்பால் உவர்நீர். மழைநீர் நிலத்துட் புகுந்து, கனத்த உப்புநீரின்மேல் மென்படையாய் மிதந்துநிற்றலாலே, கடலின் அணிமையும் மண்ணின் இயல்பும் இறைக்கும் அளவும் பற்றிக் கிணற்றுக்குக் கிணறு நீர் வேறுபடுகின்றது. கோடையிலே மிகுதியாக இறைப்பின், நன்னீர்க் கிணறும் உவர்க்கும். ஒரு கிணற்றுநீரைச் சுவைத்து, 'இத்தீவின் தண்ணீர் நல்லது' என்பவன் பானைப் பழமொழியைப் பொருந்தாவிடத்துப் பிரயோகித்தவனாவான். ஆகவே, "இது பானையா, கிணறா?" என்று வினாவுதலே மாணாக்கனது தடைக்கு விடையாகும். மனிதருடைய உடம்பும் நோயும் பெரும்பாலும் கிணற்றை ஒப்பன, பானையை ஒப்பனவல்ல.

விடக்கடியும் நான்கு அறைகளும்

இனி, உயிரோடு தொடர்புடைய எடுத்துக்காட்டுக்கு வருவோம். இலங்கையிற் காணப்படும் பாம்புகளுட் பெரும்பாலன மனிதர் உயிரைக் கொல்லும் நஞ்சுடையனவல்ல. நஞ்சுடைய பாம்பும் தீண்டுந்தோறும் நஞ்சைச் செலுத்துவதில்லை; சிலபோது பற்குறி மாத்திரம் உண்டாம். ஆகவே பாம்பு தீண்டப்பெற்றோருட் பலர், ஒன்றுஞ் செய்யாதிருப்பினும் பிழைப்பர். அவர்கள் பிழைத்தற்கு முன் எது செய்யப்பட்டதோ, அதுவே காரணமென்று கருதப்படும். காக்கை இருக்கப் பனம்பழம் விழுந்ததாகச் சொல்லப்படும் காகதாலிய நியாயம் இதுவே. பனந்தோப்புக்கள் நிறைந்த நம் நாட்டிலே இந்நியாயத்துக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

அளவை நூலார் காரணத்தைத் துணிதற்கு அன்னுவயம், வெதிரேகம் என்னும் இரண்டையும் வேண்டுவர். புகையுள்ள அடுக்களையிலே நெருப்பு உண்டு என்பது அன்னுவயம். நெருப்பில்லாத நீர்நிலையிலே புகை இல்லை என்பது வெதிரேகம். ஒன்று மாத்திரம் இருந்து மற்றது இல்லையாயின் துணிவு பிறவாது. ஆசிரியர் கரும்பலகையிலே ஒரு சதுரம் வரைந்து அதனை நான்கு அறையாகப் பகுத்துக் காட்டுக. பார்வை பார்த்துப் பிழைத்தார் முதலறை. பார்வை பார்த்தும் இறந்தார் இரண்டாம் அறை. பார்வை பாராமற் பிழைத்தார் மூன்றாம் அறை. பார்வை பாராமல் இறந்தார் நான்காம் அறை. ஊரிலே கதையாய் வழங்குவது எந்த அறை? முதலறை ஒன்றே. இரண்டாம் அறையிலுள்ளார் தங் கதையைச் சொல்ல இல்லை. அவர் சுற்றத்தார் விதியென்று சொல்லி அமைவர். மூன்றாம் அறையிலுள்ளார் சொல்லத்தக்க அதிசயம் ஒன்றும் நிகழ்ந்ததாகக் கருதார். நான்கு அறைகளுள் ஒன்றை மாத்திரம் நிரப்பிக்கொண்டு தீர்ப்புச் சொல்லுதல், வழக்கிலே ஒருபக்கத்தார் சொல்லை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுதலை ஒக்கும்.

இது வெறும் வாதமன்று. கட்டுவிரியன் இரவிலே நிலத்திற் படுத்துறங்குவாரைத் தீண்டும். நோவும் வீக்கமும் சிறிதாதலால், தீண்டப்பட்டவர் அதனைப் பொருட்படுத்தாதிருத்தலும் உண்டு. சில மணிநேரத்தின் பின்னர்க் கண்ணிமை தாழும், நாக்குத் தடுமாறும், மூச்சுத் தடைப்படும். நாகம், கண்ணாடிப் புடையன், கட்டுவிரியன், சுருட்டை என்னும் நான்கின் நஞ்சுக்கும் உரிய விடமுறி மருந்து வைத்தியசாலையிலேதான் கொடுக்கப்படும். கடல்சூழ்ந்த தீவிலே ஒவ்வொரு நாழிகையும் விலைமதிப்புடையது. பெரியப்பாவின் கதையைக் கேட்டுக்கொண்டு காலம் போக்கும் வீட்டிலே ஒரு பிள்ளையின் உயிர் போய்விடும். தீண்டப்பட்ட உறுப்பை அசையாமல் வைத்து, கீறாமலும் இறுகக் கட்டாமலும், தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும் என்பதை ஆசிரியர்கள் பிள்ளைகள் வாயிலாக ஒவ்வொரு வீட்டுக்கும் அறிவித்தல் கடன். மந்திரஞ் சொல்ல விரும்புவார் செல்லும் வழியிலே சொல்லிக்கொள்ளலாம்; அதனால் வழி தடைப்படலாகாது.

வித்தாகும் கதை

நிகழ்ச்சிச் சான்றின் குற்றங்களை மாத்திரம் கூறி நிறுத்துவோமாயின் பாடம் ஒருமருங்காகும். தீர்ப்புச் சொல்லுந் தகுதி அதற்கில்லை. ஆயினும், வழக்கைத் தொடுக்குந் தகுதி அதற்கு உண்டு. இங்கிலாந்திலே, பசுவம்மை கண்டவர்க்குப் பெரியம்மை வாராது என்னுஞ் செய்தி பால் கறப்பார் முதலிய நாட்டுப்புறத்தாரிடை வழங்கிவந்தது. அஃது ஐதிகமே. எட்வேட் யென்னர் என்னும் வைத்தியர் அதனை இகழவுமில்லை, அப்படியே நம்பிவிடவுமில்லை. 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பசுவம்மைப் பாலை ஏற்றினார். பின்னர்ப் பெரியம்மைப் பாலை ஏற்றியும் அவனுக்கு அந்நோய் வந்திலது. குழந்தையை அவ்வாறு சோதித்தல் இக்கால வைத்திய ஒழுக்கத்துக்கு ஒவ்வாது. அது நிற்க. ஒரு சிறுவனிடத்துக் கண்டது போதாதென்று அவர் வேறு பலரிடத்துங் கண்டவற்றைத் திரட்டி 1798இல் நூலாக வெளியிட்டார். பலதேசத்தாரும் அதனைச் சோதித்துக் கைக்கொண்டனர். 1980இலே பெரியம்மை உலகத்தினின்றும் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நாட்டுப்புறத்தார் பேச்சு வித்து. யென்னர் சோதனை உழவு. பல்லாயிரவர் கண்ட அநுபவம் விளைவு. வித்தை எறிந்துவிட்டவன் உழவனல்லன். வித்தையே விளைவென்று உண்பவனும் உழவனல்லன்.

நெடுந்தீவின் வளருங் கல்

இம்முறையைத் தீவகப் பிள்ளைகள் தாமே செய்து பழகுதற்கு ஏற்ற பொருள் ஒன்று நெடுந்தீவிலே உண்டு. அங்கே 'வளருங் கல்' என்று மக்கள் வழங்குங் கல் ஒன்று நிற்கின்றது. அது ஆண்டுக்காண்டு வளர்கின்றது என்பது ஊர் ஐதிகம். சைவமக்கள் அதனை வழிபட்டும் வருகின்றனர். இதனை ஆசிரியர் எங்ஙனம் கற்பிப்பார்?

'மூடநம்பிக்கை' என்று ஒரு சொல்லாலே தள்ளிவிடுதல் எளிது, அஃது ஆராய்ச்சியன்று. 'முதியோர் சொன்னார், ஆகவே மெய்' என்றலும் ஆராய்ச்சியன்று. "சிறுவராயிருந்தபோது கண்டவற்றை முதியோர் மறந்திருப்பர், ஆதலால் அவ்வாறு சொல்லுகின்றனர்" என்று சிலர் எளிதாகச் சமாதானங் கூறுவர். அதனையும் ஆராய்க. சிறுவனாய் நின்று பார்த்த பொருள், அவன் வளர்ந்து பார்க்கும்போது சிறிதாகத் தோன்றுதலே இயல்பு. கல்லோ பெரிதாயிற்று என்கின்றனர். ஆகவே அச்சமாதானம் இங்கே பொருந்தாது. ஐதிகத்தை மறுப்பார் கூறும் காரணமும் ஆராயப்பட்டே கொள்ளப்படல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

செய்யத்தக்கது அளத்தலே. நிலத்திலிருந்து கல்லின் உச்சிவரை அளந்தால் என்ன எனின், அது போதாது. காற்றும் மழையும் மண்ணைச் சேர்க்கவும் அகற்றவும் கூடும். மண் அகன்றால் வளராத கல்லும் வளர்ந்ததாகத் தோன்றும். ஆதலால், அணித்தே அசையாததாகிய கட்டடம் ஒன்றிலே அடையாளம் ஒன்று குறித்து, நீர்மட்டங் கொண்டு அவ்வடையாளத்துக்குங் கல்லின் உச்சிக்கும் உள்ள வேற்றுமையை அளத்தல் வேண்டும். அளவுகோல் ஒன்றாயிருத்தல் வேண்டும். இருவர் தனித்தனியே அளந்து, ஒருவர் அளவை மற்றவர் காணுமுன் எழுதுதல் வேண்டும். நாளும் அளந்தார் பெயரும் பாடசாலைப் புத்தகம் ஒன்றிற் பதியப்படல் வேண்டும். ஆண்டுதோறும் ஒரே நாளில் அவ்வாறு செய்து பத்தாண்டு முடிவிலே ஒப்பிட்டுப் பார்க்க. முதலாண்டில் அளந்த பிள்ளைகள் அப்போது வளர்ந்தவராயிருப்பர். அவர் எழுத்து வளராமலும் குறையாமலும் இருக்கும். நினைவுக்கும் பதிவுக்கும் உள்ள வேற்றுமை இதனாற் புலப்படும்.

வழிபடப்படும் பொருளை அளக்கலாமா எனின், கோயில் அதிகாரிகளின் இசைவு பெற்று, தூய்மையோடு, கல்லைத் தீண்டாமல் அளத்தலிலே குற்றமில்லை. கல் வளர்ந்தாலும் வளராவிடினும் அதன்கண் வழிபடுவானது அன்பு குறைபடாது. சிவலிங்கத் திருமேனி வளர்கின்றது என்பதற்காக நாம் அதனை வழிபடுகின்றோமா?

நயினாதீவிலே மூவகைச் சான்று

சான்றுகளை ஒன்றோடொன்று மயக்காமல் வைத்துப் பழகுதற்கு நயினாதீவு சிறந்த பள்ளிக்கூடம். அங்கே மூவகைச் சான்றுகள் ஒருங்கே உள்ளன.

முதலாவது தலவரலாறு. நாகம் ஒன்று புளியந்தீவிலிருந்து கடல்வழியே பூக்கொண்டு சென்று நாகபூஷணியம்மையை வழிபட்டு வந்ததென்றும், கருடன் அதனைத் தடுத்ததென்றும், அவ்வழி வந்த வணிகர் ஒருவர் நாகத்துக்கு இரங்கினார் என்றும் கூறுவர். கடலிலே பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்பவற்றை இன்றுங் காட்டுவர். இஃது ஐதிகம்.

இரண்டாவது காவியம். மணிமேகலை கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வார் பலர். வேறிடங் கூறுவாரும் உளர். நாகவேந்தர் இருவர் மணியாசனத்துக்காகப் பூசலிட்ட கதை மணிமேகலையிலும், அதனை ஒத்த கதை நாகதீபத்தில் நிகழ்ந்ததாக மகாவமிசத்திலும் காணப்படுகின்றது. இரு நூல்கள் ஒத்துக்கூறுதல், அக்கதை பழைமையானது என்பதற்குச் சான்று. அஃது இவ்விடத்திலேயே நிகழ்ந்தது என்பதற்கு அது மாத்திரம் போதாது.

மூன்றாவது கல்வெட்டு. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்று நயினாதீவு அம்மன் கோயிலில் உள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையிலே வந்திறங்குதல் வேண்டும் என்றும், யானையுங் குதிரையுங் கொண்டுவரும் மரக்கலங்கள் கெட்டால் நாலிலொன்று பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் என்றும், வேறு பண்டங்கள் கொண்டுவரும் மரக்கலங்கள் கெட்டால் செம்பாதி என்றும் அச்சாசனம் விதிக்கின்றது. ஊராத்துறையாவது இக்காலத்து ஊர்காவற்றுறை.

இம்மூன்றும் சான்றுகளே, ஆயினும் சான்றளிக்கும் பொருள் வேறு வேறு. அக்காலத்துத் துறைமுக ஒழுங்கைச் சாசனம் அறிவிக்கும். நாகம் பூக்கொண்டு சென்றதை அஃது அறிவிக்காது. தலவரலாறு நம் முன்னோரின் பத்தியையும், பகைகொண்ட இரண்டு உயிர்களிடத்தும் அவர் கொண்ட இரக்கத்தையும் அறிவிக்கும். ஆண்டுக்கணக்கை அதனிடத்துத் தேடுதல் தராசினாலே துணியை அளத்தல் போலும். பிள்ளைகள் மூன்றையும் அறிதல் வேண்டும். எது எதற்குச் சான்று என்பதனையும் அறிதல் வேண்டும்.

பத்திக்கு இழுக்காகுமா?

இத்துணையுங் கேட்ட ஆசிரியர் சிலர், "இவ்வாறு வினாவப் பழக்கினால் பிள்ளைகளிடத்துப் பத்தி குன்றாதோ? நேர்ந்துகொண்டு கரைசேர்ந்தோம் என்று எத்துணையோ பேர் சொல்லக் கேட்கின்றோமே" என்று ஐயுறுவர். அவ்வையம் தக்கதே, விடை கூறுதும்.

கிரேக்க தேசத்து டயகோரசு என்பவனுக்கு, கடலிலே தப்பிக் கரைசேர்ந்தோர் கோயிலில் வைத்த காணிக்கைப் படங்களை நண்பன் ஒருவன் காட்டினான் என்றும், மூழ்கி இறந்தோருடைய படங்கள் எங்கே என்று அவன் வினாவினான் என்றும் உரோமாபுரிச் சிசெரோ எழுதியிருக்கின்றார். டயகோரசு நாத்திகன் என்று பெயர்பெற்றவன். ஆயினும் அவன் வினா, நாம் மேலே வரைந்த இரண்டாம் அறையைப் பற்றிய வினாவே. அதற்குச் சைவன் அஞ்சவேண்டுவதில்லை. ஏனெனில், கரைசேர்ந்தோர் தொகையைக் கொண்டு சைவன் திருவருளை நாட்டுகின்றானல்லன்.

அவ்வாறு நாட்டப் புகுவோமாயின் விளைவு யாது? தீவகத்திலே கடற்றொழிலுக்குச் சென்று மீளாதார் பலர். அவரும் நேர்ந்துகொண்டவரே, அவர் மனைவியரும் அம்மன் சந்நிதியிலே விளக்கேற்றினவரே. "நேர்ந்தவன் பிழைத்தான், ஆதலால் அருள் உண்டு" என்று நாம் வகுப்பிலே சொல்லுங்கால், தந்தையைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளை ஒன்று பின்வாங்கிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கின்றது. 'என் அப்பாவுக்கு அருள் இல்லையா?' என்று அது தன்னுள்ளே வினாவும். அப்பிள்ளைக்கு நாம் என் சொல்வோம்? பிழைத்தலும் இறத்தலும் நுகர்வினையின்பாற்பட்டன என்றும், இருவரிடத்தும் திருவருள் ஒப்ப நிற்கும் என்றும் கூறுவதன்றோ சித்தாந்தம்? அளவையறியாத நிகழ்ச்சிச் சான்று அப்பிள்ளையின் நெஞ்சைப் புண்படுத்தும். அளவையறிந்த சித்தாந்தம் அதனை ஆற்றும்.

கரைசேர்ந்தவன் சந்நிதியிலே கண்ணீர் மல்கி நிற்றல் மெய்யே. அது நன்றியின் வெளிப்பாடு, போற்றத்தக்கது. நன்றியைச் சான்றாக்கி வாதத்துக்கு இழுத்தல்தான் தகாதது.

ஆசிரியர்காள்! பிள்ளை ஒரு கதையைக் கொண்டுவந்தால், 'பொய்' என்று வாயடக்காதீர்கள். 'அப்படியா' என்று வியந்து விட்டுவிடவும் வேண்டா. "நல்லது, யார் கண்டார்? எத்துணை முறை? மற்றை அறைகளில் யார் உளர்? எங்ஙனம் அளப்போம்?" என்று அன்போடு வினாவுங்கள். அவ்வாறு பழகிய பிள்ளை வதந்தியால் மயங்கான். வஞ்சகர் கையில் அகப்படான். முதியோர் சொல்லையும் இகழான். பதிபொருளை அளந்தறியப் புகுங் காலத்திலே அவன் கையில் அளவுகோல் முன்னரே இருக்கும்.

மாணாக்கரைக் கேட்கத்தக்க வினாக்கள்

1. ஐதிகமாவது யாது? அது நிகழ்ச்சிச் சான்றினின்றும் எங்ஙனம் வேறுபடும்?

2. ஆப்தன் இலக்கணம் யாது? அதனின்று பிறக்கும் மூன்று வினாக்கள் யாவை?

3. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது கிணற்றுநீருக்குப் பொருந்தாமை ஏன்?

4. உம் ஊரில் வழங்கும் மருந்துக் கதை ஒன்றை எடுத்து, நான்கு அறைகளையும் வரைந்து, எவ்வறை வெறுமையாயுள்ளது என்று காட்டுக.

5. வளருங் கல்லை நிலத்திலிருந்து அளத்தல் போதாமை ஏன்?

6. நயினாதீவுச் சாசனம் எதற்குச் சான்று? எதற்குச் சான்றாகாது?

திருச்சிற்றம்பலம்.